தோளில் ஏறும் கேடயம்

பழங்கால கிரேக்கப் போர்வீரரை மீட்டு நடித்துப் பார்க்கும் எங்கள் குழுவில் புதிதாகச் சேர வருகிறவர்கள் எல்லோருக்கும் தலைக்கவசத்தின் மேல்தான் கண். குதிரைமயிர்க் கொண்டை, மூக்கின் மேல் இறங்கும் வெண்கலத் தகடு, இருண்டு தெரியும் கண்துளைகள்: திரைப்படங்கள் மனத்தில் பதித்துவைத்திருப்பது அந்த முகத்தைத்தான். நான் அதை எடுத்துக் கொடுக்க மாட்டேன். இடது கையை நீட்டச் சொல்லிக் கேடயத்தை மாட்டிவிடுவேன்.

கிரேக்கர்கள் அதை ஆஸ்பிஸ் என்றார்கள். குறுக்களவு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர். எடை 6 முதல் 8 கிலோ. உட்புறம் நடுவில் போர்பாக்ஸ் என்ற வெண்கலப் பட்டை இருக்கும். முன்கை அதற்குள் முழங்கை வரை நுழையும். விளிம்பருகே அந்திலாபே என்ற கயிற்றுப் பிடி. விரல்கள் அதைப் பற்றிக்கொள்ளும். முதன்முறை மாட்டுகிறவர் அதை நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரத்திலேயே புஜம் எரியத் தொடங்கும். அப்போது, "மேல் விளிம்பைத் தோளில் ஏற்றிவையுங்கள்" என்பேன். ஆஸ்பிஸ் தட்டையானதல்ல; குழிந்தது. அந்தக் குழிவுக்குள் தோள் போய் உட்கார்ந்ததும் பாரம் கையைவிட்டு உடம்புக்கு இறங்கிவிடும்.

ஆனால் தோளில் ஏற்ற வேண்டுமானால் இடது காலை முன்வைத்து உடம்பைச் சற்றுத் திருப்பியாக வேண்டும். முன்கை நடுவில் மாட்டியிருப்பதால் கேடயத்தின் ஒரு பாதி நமக்கு இடப்புறமாக வெளியே நீண்டு நிற்கும். அது பக்கத்தில் நிற்பவனுக்கான பாதி. நம் வலப்புறம் திறந்து கிடக்கும். அதை மூட ஒரே வழி, வலப்பக்கத்துக்காரனின் கேடயம் நம்மை நோக்கி நீள்வதுதான். புதியவர் அந்த நேரத்தில் தன்னை அறியாமல் வலப்புறம் திரும்பி யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பார். அணிவகுப்பைப் பற்றி நான் அதுவரை ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டேன். ஃபாலாங்க்ஸ் என்ற அந்த நெருக்கமான அணியைப் பாதிக்கு மேல் கற்பித்துவிடுவது கேடயம்தான்.

மூன்று கிலோ எடையில் தட்டையாக வெட்டிய ஒட்டுப்பலகை வட்டம் இதைச் சொல்லித் தராது. நடுவில் தோல்வார் ஆணியடித்த கேடயமும் சொல்லித் தராது. துல்லியம், துல்லியம் என்று நாங்கள் உயிரை விடுவதைப் பார்த்து, தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று கேட்கிறார்கள். பார்க்கிறவர்களுக்காக அதைச் செய்யவில்லை. பொருள் சரியாக இருந்தால்தான் அதைச் சுமக்கும் உடம்பு சரியான விடையைத் தரும்.

நான் இருப்பது மெல்போர்னில். கிரேக்க வம்சாவளியினர் பெருந்தொகையாக வாழும் ஊர். நாங்கள் எடுத்துக்கொண்ட காலம் கி.மு. 490-ஐ ஒட்டியது. மாரத்தான் வெளியில் பாரசீகப் படையை எதிர்த்து நின்ற ஏதென்ஸ் காலாள், அதாவது ஹாப்லைட். தமிழ் நண்பர்கள் முல்லைப்பாட்டு யவனர்களை நினைவூட்டுவார்கள். பாசறையில் அரசனுக்குக் காவல் நின்ற அந்த யவனர்களின் மேலாடையைக்கூடக் கவனித்துச் சொன்ன பாட்டு அது. ஆனால் அவர்கள் பல நூற்றாண்டு பிந்தியவர்கள். எங்கள் ஹாப்லைட்டின் கருவிகளை அவர்கள் மேல் ஏற்ற முடியாது. ஒரு நகரம், ஒரு பத்தாண்டு என்று வரையறுத்துக்கொள்ளாவிட்டால் இந்த வேலை குலைந்துவிடும். ஆர்கோஸ் நகரக் கல்லறை ஒன்றில் 1953-இல் கிடைத்த மணிவடிவ மார்புக்கவசம் கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. அருமையான பொருள்தான். ஆனால் மாரத்தான் வீரனுக்கு அது கொள்ளுப் பாட்டன் காலத்துச் சங்கதி.

கேடயத்தின் உள்ளமைப்பைக் காட்டும் சான்றுகள் குறைவு. மரமும் தோலும் மண்ணில் மக்கிப்போய், பெரும்பாலும் வெண்கலம் மட்டும் எஞ்சியிருக்கிறது. வத்திக்கான் அருங்காட்சியகத்தில் போமார்சோ என்ற எத்ருஸ்கன் ஊரில் கிடைத்த கேடயம் ஒன்று உண்டு. பாப்லர் மரம், முகப்பில் மெல்லிய வெண்கலத் தகடு, உள்ளே தோல். எங்களைப் போன்றவர்கள் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அதனிடம்தான். ஏதென்ஸ் அகோரா அகழாய்வில் 1936-இல் கிடைத்த இன்னொன்று, கி.மு. 425-இல் பைலோஸில் ஸ்பார்ட்டர்களிடமிருந்து கைப்பற்றியது. ஏதென்ஸ்காரர்கள் அதைப் புள்ளியிட்டுக் குத்தியே அதன் முகத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். தகடு நசுங்கி நீள்வட்டமாகிவிட்டது. ஆனாலும் விளிம்பில் ஓடும் பின்னல் அணியைப் பார்த்தால், அதைச் செய்த பட்டறையின் கை தெரியும்.

பாப்லரும் வில்லோவும் இலேசான, மென்மையான மரங்கள். வெட்டுப்பட்டால் தாமே சுருங்கி வடுவை மூடிக்கொள்ளும் மரங்களே கேடயத்துக்கு ஏற்றவை என்று ரோமானியரான பிளினி எழுதிவைத்தார். அவர் பட்டியலில் இவை இரண்டும் உண்டு. பலகைகளை ஒட்டி உள்ளே குடையும்போது நடுவில் மெலிதாகவும், கிண்ணம் வளைந்து விளிம்பை நோக்கித் திரும்பும் தோள் பகுதியில் தடிமனாகவும் விட வேண்டும். அடி விழுவது அங்கேதான்; நம் தோள் தாங்குவதும் அங்கேதான். எல்லா இடத்திலும் ஒரே தடிமன் விட்டால் எடை பத்துக் கிலோவைத் தாண்டிவிடும், பலமும் கூடாது. இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இந்தக் குடைதல். உளி போகிற போக்கில், அன்றைய தச்சன் எதை மனத்தில் வைத்திருந்தான் என்பது கைக்குப் புரியத் தொடங்கும்.

உடையை மக்கள் எளிதென்று நினைக்கிறார்கள். கிட்டோன் என்பது தறியிலிருந்து இறங்கிய செவ்வகத் துணி. வெட்டித் தைத்த சட்டையல்ல. நீளத்தை இடுப்புக் கயிற்றில் இழுத்துவிட்டுச் சரிசெய்வார்கள். தறியின் ஓரக் கரை தெரிய வேண்டும், தையல் கைத்தையலாக இருக்க வேண்டும். கம்பளி நூலானால் கவசத்துக்கு அடியில் நெஞ்சோடு ஒட்டாமல் வியர்வையை வாங்கிக்கொள்ளும். ஒரு வெயில் நாள் முழுக்க அணிந்தவர்களுக்கு இது தெரியும். கிரேக்கர் என்றாலே வெள்ளுடை என்ற நினைப்பைப் பளிங்குச் சிலைகள் கொடுத்துவிட்டன. அந்தச் சிலைகளுக்கே வண்ணம் பூசியிருந்தார்கள். துணிகளுக்கு மஞ்சிட்டி இனத்து வேரில் சிவப்பு, வோட் செடியின் இலையில் நீலம். நம் அவுரியில் இருக்கும் அதே சாயப்பொருள்தான் வோடிலும். இந்த நிறங்களைப் போட்டு நின்றால்தான் ஜாடி ஓவியங்களின் கறுப்பு, செம்மண் நிறங்களுக்குப் பின்னால் இருந்த கூட்டம் கண்ணுக்குத் தெரியும்.

காற்கவசத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. அசல் வெண்கலக் காற்கவசத்துக்கு வாரும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். அகட்டிக் காலில் நுழைத்துவிட்டால் தானே கவ்விக்கொள்ளும். சுத்தியல் அடி பட்டுப் பட்டு வெண்கலம் இறுகுகிறது. அந்த இறுக்கம்தான் சுருள்வில்லின் குணத்தைத் தருகிறது. அதிகம் இறுகினால் வெடிக்கும் என்பதால் இடையிடையே காய்ச்சி இளக்க வேண்டும். கெண்டைக்கால் சதையின் வளைவுக்கு ஏற்ப அடித்தெடுப்பதால் ஒருவருடையது இன்னொருவருக்குப் பொருந்தாது. ஒலிம்பியாவில் காணிக்கையாகக் கிடந்த காற்கவசங்களைப் பார்க்கும்போது எனக்கு ஆயுதங்கள் தெரிவதில்லை. தனித்தனி மனிதர்களின் கால்கள்தான் தெரிகின்றன. தசையின் கோடுகளைக்கூட அடித்து எழுப்பியிருக்கிறார்கள்.

மார்புக்கவசத்தில்தான் பெரிய வழக்கு இருக்கிறது. உடலைச் சுற்றி ஒரு குழல், முதுகிலிருந்து தோள் மேலாக வந்து முன்னால் கட்டும் இரண்டு மடல்கள்: நூற்றுக்கணக்கான ஓவியங்களில் இருக்கும் இந்தக் கவசத்தில் துணியாலோ தோலாலோ ஆன ஒன்றுகூட முழுதாக மண்ணுக்குள்ளிருந்து வரவில்லை. லினன் துணியைப் பல அடுக்காகப் பசையிட்டு ஒட்டியது என்ற கருத்தை ஓவியரும் ஆய்வாளருமான பீட்டர் கொனலி பரவலாக்கினார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரீன் பே வளாகத்தில் கிரெகரி ஆல்ட்ரெட் குழுவினர் அப்படியே செய்து, அம்பெய்து சோதித்து, 2013-இல் நூலாக வெளியிட்டார்கள். அம்பைத் தடுக்கிறது, ஐயமில்லை. ஆனால் பசையிட்டார்கள் என்று பழைய கிரேக்க நூல் எதுவும் சொல்லவில்லை. எகிப்து மன்னன் அமாசிஸ் அனுப்பிய லினன் கவசத்தை வியக்கும் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், ஒவ்வொரு நூலிலும் 360 இழைகள் என்று நெசவைத்தான் புகழ்கிறார். செனோஃபோன் ஸ்போலாஸ் என்ற தோல் கவசத்தைக் குறிப்பிடுகிறார்.

பெர்லினில் உள்ள சோசியாஸ் ஓவியரின் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் கி.மு. 500. அக்கிலிஸ் தன் நண்பன் பட்ரோக்ளஸின் கைக்காயத்துக்குக் கட்டுப்போடுகிறான். பட்ரோக்ளஸின் கவசத்தில் ஒரு தோள் மடல் அவிழ்ந்து, நட்டமாக எழுந்து நிற்கிறது. ஓவியர் அதைக் கண்ணால் கண்டுதான் வரைந்திருக்க வேண்டும். எந்தப் பொருளில் செய்தாலும் கட்டை அவிழ்த்தால் மடல் அப்படித் துள்ளி எழ வேண்டும் என்பதே என் அளவுகோல். தடித்த தோலில் அது எழுகிறது. நெருக்கித் தையலிட்ட பல அடுக்கு லினனிலும் எழுகிறது. பசைக் கவசத்திலும் எழுகிறது, ஆனால் அது உடம்போடு வளைய மறுக்கிறது. என் சாய்வு தையல் பக்கம்தான்.

ஈட்டியில் அவ்வளவு குழப்பமில்லை. இரண்டு முதல் இரண்டரை மீட்டர் நீளம், முனையில் இரும்பு, அடியில் சௌரோட்டர் என்ற கூர்மையான வெண்கலப் பூண். தண்டு முனையை நோக்கி மெலிந்து போகட்டும். அப்போது அடிப்பகுதியின் எடை சமநிலைப் புள்ளியைப் பின்னுக்கு இழுக்கும். கை பின்னால் பிடிக்கும், ஈட்டியின் பெரும்பகுதி எதிரியை நோக்கி நீளும். கடையில் வாங்கிய ஒரே தடிமன் கழியில் இந்த லாபம் கிடையாது. பயிற்சியில் முனைகளை மழுக்கிவிடுகிறோம். ஆனாலும் பின்வரிசைக்காரர் எந்நேரமும் சௌரோட்டர் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

எல்லாம் அணிந்து வரிசையில் நின்று முன்னேறும்போதுதான் நான் இந்தக் கலைக்கு அடிமையானேன். கி.மு. 418-இல் நடந்த மாண்டினியா போரைச் சொல்லும்போது வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் ஒன்றை எழுதுகிறார்: எல்லாப் படைகளும் நடக்க நடக்க வலப்புறம் ஒதுங்கும், ஒவ்வொருவனும் மூடாத தன் பக்கத்தைப் பக்கத்தவன் கேடயத்துக்குள் ஒடுக்கப் பார்ப்பான், தொடங்கிவைப்பவன் வலக்கோடியில் நிற்பவன். அந்தப் பக்கத்தை வாசித்திராத செவிலியர்களும் தச்சர்களும் மாணவர்களும் புல்வெளியில் வரிசையாக நடக்கிறார்கள். வரிசை வலப்புறம் நகர்கிறது. நேராகப் போங்கள் என்று கத்தினாலும் நகர்கிறது. அச்சம் விளைவிக்கும் நகர்வு என்று தூசிடிடீஸ் சொன்னதை, எதிரியே இல்லாத வெளியில் கேடயத்தின் அமைப்பு மட்டுமே செய்துகாட்டுகிறது.

கொரிந்திய தலைக்கவசத்துக்குள் சொந்த மூச்சுதான் பெரிதாகக் கேட்கும். தலைவன் வாயால் இடும் கட்டளை மூன்றாம் ஆளைத் தாண்டுவது கடினம். அதனால்தான் குழலிசை. சுமார் கி.மு. 640-ஐச் சேர்ந்த சிகி ஜாடியில் அணிகளுக்கிடையே ஒரு சிறுவன் அவுலோஸ் வாசிக்கிறான். நாதசுரத்தைப் போல இரட்டைச் சீவாளி கொண்ட இரட்டைக் குழல் அது. அந்தக் கூரிய ஒலி வெண்கலத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. கால்கள் தாமாகவே ஒரே நடைக்கு வந்துவிடுகின்றன. ஸ்பார்ட்டர்கள் குழலுக்கு ஏற்ப மெல்ல நடந்தது பக்திக்காக அல்ல, வரிசை கலையாமல் இருக்கத்தான் என்று தூசிடிடீஸ் சொன்னதை நான் முழுக்க நம்புகிறேன்.

மாரத்தானில் ஏதென்ஸ்காரர்கள் எட்டு ஸ்டேட், கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர், ஓடித் தாக்கினார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். 1970-களில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோன்லனும் தாம்சனும் மாணவர்களை எடையோடு ஓடவிட்டுச் சோதித்து, அது நடவாத காரியம் என்றார்கள். பின்னர் வரலாற்றாய்வாளர் பீட்டர் கிரென்ட்ஸ், கவசங்களின் எடையையே முந்தையவர்கள் மிகைப்படுத்திவிட்டார்கள் என்று வாதிட்டார். எங்கள் வெளியில் மெதுவோட்டம் முடிகிறது. வேகம் கூட்டினால் கேடயத்தின் கீழ் விளிம்பு முழங்காலைத் தட்டுகிறது, வரிசை பிரிந்துவிடுகிறது. ஓடினார்கள் என்பதை ஏற்கிறேன். ஓடி வந்து நெருங்கும் முன் எங்கோ ஓரிடத்தில் வேகம் தணித்து வரிசையைச் சேர்த்திருப்பார்கள் என்றே என் கால்கள் சொல்கின்றன.

கேடயத்தில் என்ன சின்னம் வரைவது என்று கேட்பவர்களுக்கு: சேவல், காட்டுப்பன்றி, முக்காலி, கோர்கன் முகம், எது வேண்டுமானாலும் ஜாடியைப் பார்த்து வரையுங்கள். லாம்ப்டா என்ற கிரேக்க எழுத்தை மட்டும் கி.மு. 490-க்குக் கொண்டுவராதீர்கள். ஸ்பார்ட்டர் கேடயத்தில் அது இருந்ததற்கான சான்று கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கிடைக்கிறது. தெர்மோபிலே போரில் ஸ்பார்ட்டர் கேடயங்களில் அதை ஏற்றிவைத்தவை திரைப்படங்கள்.

வரும் கோடையில் ஒரே அளவில் இரண்டு மார்புக்கவசங்களைச் சோதிக்கப்போகிறோம். ஒன்று பசையிட்டது, மற்றது தையலிட்டது. உடல்வாகு ஒத்த இருவர் காலை முதல் மாலை வரை அணிந்து நடப்பார்கள், உட்காருவார்கள், குனிந்து தண்ணீர் எடுப்பார்கள். நடுப்பகலில் இருவரும் கவசங்களை மாற்றிக்கொள்வார்கள். வியர்வையில் பசை எவ்வளவு இளகுகிறது, தையல் கவசம் எவ்வளவு கனக்கிறது, மாலையில் கட்டை அவிழ்த்தால் எந்த மடல் இன்னும் எழுகிறது என்பதையெல்லாம் எடையும் நேரமும் குறித்து எழுதிவைப்போம். தையலுக்கான லினன் நூலுக்கு இப்போது தேன்மெழுகு ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.