எங்களுக்கு மட்டும் லீவு

மதுரையில் கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம், நவம்பர் 1ஆம் தேதி நான் வகுப்புக்குப் போகவில்லை. ஹாஸ்டலில் படுத்துக் கிடந்தேன். கன்னியாகுமரி மாவட்டத்துப் பையனுக்கு அன்றைக்கு லீவு. அது பிறந்ததிலிருந்தே உள்ள பழக்கம். மறுநாள் ஆசிரியர் காரணம் கேட்டார். "சார், எங்க ஊர் தமிழ்நாட்டோட சேர்ந்த நாள்" என்றேன். வகுப்பே சிரித்தது. "அதுக்கு முந்தி எங்கடா இருந்தீங்க?" என்றான் பக்கத்திலிருந்த உசிலம்பட்டிக்காரன்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது இதைத் தாத்தாவிடம், எங்கள் பேச்சில் பாட்டாவிடம், சொன்னேன். "திருவிதாங்கூர்ல இல்லா இருந்தோம் மக்கா" என்றார், ஏதோ பக்கத்துத் தெருவைச் சொல்வதுபோல. பாட்டாவுக்கு வயசு, வாய்தா, கல்யாணம் எல்லாமே கொல்லவருஷக் கணக்குதான். ஆங்கில வருஷத்துக்கு நாம்தான் 824ஓ 825ஓ கூட்டிக்கொள்ள வேண்டும்.

உசிலம்பட்டிக்காரன் கேட்டது நியாயமான கேள்வி. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன, செங்கோட்டையில் ஒரு பகுதியும். மலபார் கேரளப் பக்கம் போனது. தேவிகுளமும் பீர்மேடும் அங்கேயே நின்றுவிட்டன. அவன் மாவட்டத்து வயல்களுக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணை பீர்மேட்டில்தான் இருக்கிறது. அவன் தாத்தாவும் அந்த நாளை நினைத்துக்கொள்ளக் காரணம் உண்டு, கொண்டாடத்தான் இல்லை.

பாட்டா நவம்பரைவிட ஆகஸ்டைத்தான் அதிகம் சொல்வார். 1954 ஆகஸ்ட் 11. அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சர். நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் இணைப்புப் போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பாட்டா அன்று சந்தைக்குப் போகக் கிளம்பி, பாதி வழியில் மரச்சீனிக் கிழங்குச் சாக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாராம். கதை ஒவ்வொரு முறையும் அந்தச் சாக்கில்தான் முடியும். யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை பெரிய விசாரம்.

சங்கரலிங்கனாரைப் பற்றிப் பாட்டாவுக்குத் தெரியாது. மதுரையில்தான் கேள்விப்பட்டேன். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி விருதுநகரில் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து, 1956 அக்டோபரில் மதுரையில் உயிர்விட்டார். மாநிலம் பிறக்க மூன்று வாரம்கூட இல்லை. பெயருக்கான தீர்மானம் 1967 ஜூலை 18இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த அண்ணா பிப்ரவரி 3இல் இல்லை. இப்போது தமிழ்நாடு நாள் ஜூலை 18. 2019இல் நவம்பர் 1 என்றார்கள், 2021இல் மாற்றினார்கள். பெயர் வைத்த நாளே பெரிது என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. எனக்கென்னவோ, எங்கள் ஊர் வந்து சேர்ந்த அந்த நவம்பர்தான் பிறந்தநாள்.

நவம்பர் 1 அன்று களியக்காவிளை பஸ் நிலையத்தில் நின்றால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். பாறசாலைப் பக்கமிருந்து வரும் பெண்கள் கசவுக்கரை போட்ட வெள்ளைச் சேலையில் இறங்குவார்கள். அங்கே கேரளப் பிறவி நாள். இங்கே நாகர்கோவிலில் நேசமணி சிலைக்கு மாலை. மீன்காரப் பெண் இரண்டு பேரிடமும் ஒரே சாளைக்கு ஒரே விலைதான் சொல்வாள்.

பாட்டா போனபிறகு அவர் டிரங்குப் பெட்டியில் ஒரு கைச்சீட்டு கிடைத்தது. சாதாத் தாள், மலையாள எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கருகே பிடித்து வாசித்தார். ஏழு தென்னை, ஒரு வருஷப் பாட்டம், அதாவது குத்தகை, ரொக்கமாகப் பெற்றுக்கொண்டது. கொல்லவருஷம் 1132, துலாம் மாதம்.

துலாம் என்றால் நம் ஐப்பசி. பாதி அக்டோபரில், பாதி நவம்பரில். பாட்டா இதைத் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து எழுதி வாங்கினாரா, சென்னை மாநிலத்தில் இருந்தா?

"தேதி என்ன சார்?"

வாத்தியார் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். தேதி இருந்த இடத்தில் செல்லரித்த ஓட்டை. அதன் வழியே அவர் கண் தெரிந்தது.