ரேங்கிங்கைப் பார்த்து விருப்பத் தெரிவு எழுதலாமா?

உயர்தரப் பெறுபேறு வந்தவுடன் பெற்றோர் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "சேர், ரேங்கிங்கில எந்த கெம்பஸ் முன்னுக்கு நிக்குது?" என்பதுதான். பிள்ளை எதைப் படிக்க ஆசைப்படுகிறது என்ற பேச்சு பிறகுதான் வருகிறது. சிலவேளை வருவதேயில்லை.

இந்தப் பட்டியல்கள் எதை அளக்கின்றன? கியூ.எஸ். பட்டியலில் 100க்கு 30 புள்ளி, உலகெங்குமுள்ள கல்வியாளர்களின் அபிப்பிராயத்துக்கு. இன்னும் 20 புள்ளி, விரிவுரையாளர்களின் ஆய்வுகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதற்கு. வெபோமெற்றிக்ஸ் பட்டியலில் இணையத்தில் எவ்வளவு தெரிகிறது என்பதற்குப் பெரிய பங்கு. செய்முறை வகுப்பு ஒழுங்காக நடக்குமா, விளங்காத பாடத்தை விரிவுரையாளரிடம் போய்க் கேட்கலாமா, விடுதி கிடைக்குமா என்பதெல்லாம் இவற்றில் இல்லை.

நம் நாட்டில் அனுமதியைத் தீர்மானிப்பவை இசட் புள்ளி, மாவட்டம், நாம் எழுதும் விருப்ப ஒழுங்கு. மேலே எழுதிய தெரிவுக்குப் புள்ளி போதுமென்றால், கீழே எழுதியவற்றுக்குப் பிள்ளையின் பெயர் போகாது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஒரு வாப்பா மகளோடு வந்தார். மகளின் ஆசை பேராதனையில் மருந்தகவியல். வாப்பாவுக்கோ கொழும்பு என்ற பெயர் முதலில் வரவேண்டும், உயிரியல் விஞ்ஞானம் என்றாலும் பரவாயில்லை. மகள் வாய் திறக்கவில்லை. "அப்படி எழுதினால் கொழும்புதான் கிடைக்கும், அவள் கேட்ட பாடம் கைவிட்டுப் போகும்" என்று கையேட்டை விரித்துக் காட்டினோம். நெடுநேரம் யோசித்தவர், ஒழுங்கை மாற்றி எழுதிக்கொண்டு போனார்.

ரேங்கிங் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாளை வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் தேடும்போது அது உதவும். ஒரே பாடநெறி இரண்டு இடத்தில் இருந்தால் பார்க்கலாம், அதுவும் கடைசியாக. முதலில் பாடநெறி, பிறகு கற்பிக்கும் மொழி, பிறகு வீட்டுச் செலவு.

காசு கட்டி வெளிநாட்டுப் பட்டம் படிக்க அனுப்புவோர், ரேங்கிங்குக்கு முன் அங்கீகாரத்தைப் பாருங்கள். மருத்துவம் என்றால் இலங்கை மருத்துவ சபை அதை ஏற்கிறதா என்று கேளுங்கள். படித்து வந்தாலும் இங்கே பதிவுக்கான பரீட்சை இருக்கிறது.

விண்ணப்பத்தை அனுப்புமுன் கையேட்டோடு பாடசாலைக்கு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். முதலில் பிள்ளை பேசட்டும்.