போலாரத்துச் செபமாலை மாதம்

சிகந்தராபாத்தை ஒட்டிய போலாரத்தில் எங்களுக்கு அக்டோபர் என்றால் செபமாலை மாதம். ரிசாலா பஜாரை ஒட்டிய எங்கள் வரிசையில் மாதா சுரூபம் நாளுக்கொரு வீடாகப் போகும். சுரூபம் வரும் வீட்டில் அன்று சாயங்காலமே வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார்கள். முதல் இரண்டு தேவ ரகசியங்கள் தமிழில், அடுத்த இரண்டு தெலுங்கில், கடைசி ஒன்று ஆங்கிலத்தில். பிரார்த்தனை முடிந்ததும் சுண்டல். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா, நெற்றியில் குங்குமத்தோடு, தான் தொடுத்த பூச்சரத்தைத் தன் கையாலேயே மாதாவுக்குச் சாத்துவார். அதை யாரும் வித்தியாசமாகப் பார்த்ததில்லை.

வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்தோடு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நாங்கள். பெரிய திருநாள் என்றால் ரயிலேறி சிகந்தராபாத் மரியன்னை கோயிலுக்குப் போவோம். 1850-ல் கட்டி முடித்த கோயில் அது. 2008-ல் பசிலிக்கா ஆனது. செப்டம்பர் 8-ஆம் தேதி மட்டும் கைரதாபாத் ஆரோக்கிய மாதா கோயில். வேளாங்கண்ணிக்குப் போக வசதியில்லாதவர்கள் அங்கேதான் நேர்ச்சையைச் செலுத்துவார்கள்.

செபமாலை முடிந்த பிறகு பாட்டி மாதாவின் காட்சிக் கதைகளைச் சொல்வார். வேளாங்கண்ணி நடுத்திட்டில் மோர் விற்ற கால் நடக்காத பையனிடம், நாகப்பட்டினம் போய்ச் சொல்லிவிட்டு வா என்று மாதா சொன்னதும் அவன் எழுந்து ஓடியது. 1858-ல் லூர்து நகரில் விறகு பொறுக்கப்போன பெர்னதெத். 1917-ல் பாத்திமாவில் ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகள். மாதா பெரிய மனிதர்கள் யாரிடமும் பேசவில்லை, இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைகளிடம்தான் பேசினார் என்று பாட்டி ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்வார். பாட்டியின் விசுவாசம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருந்தது என்று இப்போது எனக்குப் புரிகிறது.

பாட்டி சொன்ன கதைகளில் லூர்துக் காட்சியை ஆயர் விசாரித்து 1862-ல் ஏற்றார். பாத்திமாவுக்கு 1930 வரை ஆனது. வேளாங்கண்ணிக் கதையோ தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வந்தது. 2024 ஆகஸ்டில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை தஞ்சாவூர் ஆயருக்குக் கடிதம் எழுதி அந்தத் திருத்தலத்தின் பக்தியைப் போற்றியது. பிற மதத்தார் அங்கே வந்து ஆறுதல் பெறுவதை மதக் கலப்பாகப் பார்க்கக்கூடாது என்றும் அதில் இருந்தது. படித்ததும் அந்தத் தெலுங்கு அம்மாவின் பூச்சரம் நினைவுக்கு வந்து எனக்குக் கண் கலங்கியது.

போலாரத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மோர்க்காரப் பையனின் கதையை உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்லிவையுங்கள்.