ஏலத்தில் யார் யார் பக்கம்

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட், தக்காளி ஏலம். கூவுகிறவர் கமிஷன் கடைக்காரர். எடுப்பவர் கேரள வியாபாரி. ஓரமாக நிற்பவர் விவசாயி. கமிஷன் நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். விலை ஏறினால் கடைக்காரருக்கும் வரவுதான். அப்படியானால் அவர் முழுக்க விவசாயி கட்சியா?

ஒட்டுறவுக் கெழு ஆமாம் என்கிறது. ஒருவருக்கு ஏற ஏற மற்றவருக்கும் அதே விகிதத்தில் ஏறுகிறது, விடை 1. இந்த எண்ணை நம்பி நான் சரக்கு இறக்க மாட்டேன்.

ஆடம் கலாய், எஹுட் கலாய் (மகனும் அப்பாவும்) 2013இல் சொன்ன வழி தேவலை. இருவர் ஆடும் எந்த ஆட்டத்தையும் இரண்டாகப் பிரிக்கலாம்: வரவுகளின் கூட்டுத்தொகையில் பாதி பொது நலன், வித்தியாசத்தில் பாதி மோதல். பெட்டிக்கு 50 ரூபாய் ஏறினால் விவசாயிக்கு 45, கடைக்காரருக்கு 5. ஆளுக்கு 25 பொது, மோதல் 20. கெழு மறைத்ததை இது காட்டிவிடுகிறது. இருவர் கையிலும் ரூபாய்க்கு ஒரே எடை என்று கொண்டால்தான் இந்தக் கணக்கு. அது பெரிய 'என்று கொண்டால்'.

அந்த 50க்காக இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் வியாபாரி பக்கத்துக் கடைக்குப் போய்விடலாம். நாளையும் வரவேண்டிய ஆளை 5 ரூபாய்க்காக யார் பகைப்பார்கள்?

தரகர்கள் இப்படித்தான் என்று காட்டும் ஆய்வு, லெவிட், சைவர்சன் 2008: அமெரிக்க வீட்டுத் தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, பிறர் வீட்டை விற்பதைவிட ஏறக்குறைய பத்து நாள் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள், 3.7 சதவீதம் அதிக விலையும் பெறுகிறார்கள். தக்காளிக்குப் பத்து நாள் ஏது!

விவசாயியும் வியாபாரியும்: விலையில் மட்டும் பார்த்தால் ஒருவர் வரவு மற்றவர் செலவு. ஆனால் ஏலம் படியாவிட்டால் ஒருவருக்கு அழுகல், மற்றவருக்குக் காலி லாரி. அங்கே இருவரும் ஒரே கட்சி.

வேறொன்று. பாறை நிலத்தில் ஒரே நிலத்தடி நீரை இழுக்கும் பக்கத்துப் பக்கத்துப் போர்வெல்காரர்கள். ராபபோர்ட், சாம்மா 1965இல் தந்த ஒத்துழைப்பு அளவில் போட்டுப் பார்ப்போம்: இருவரும் அடங்கியிருந்தால் 3, இருவரும் ஆழப்படுத்தினால் 1, தனியே ஆழப்படுத்தியவருக்கு 5, ஏமாந்தவருக்கு 0. (3−1)/(5−0) = 0.4. 1ஐ நெருங்க நெருங்க ஒத்துப்போகும் வாய்ப்பு அதிகம். எண்கள் நான் போட்டவை. திண்டுக்கல் சமவெளிக்கு நிஜ எண் இன்னும் சிறியதாகவே இருக்கும் என்பது என் சந்தேகம்.

மறுபடி மண்டி. உரத்துக்கும் விதைக்கும் முன்பணம் கொடுத்த கடை என்றால்? விலை நன்றாக ஏறிக் கடன் அடைந்தால், அடுத்த போகம் விவசாயி எந்தக் கடைக்கும் போகலாம். போகிற சரக்கின் கமிஷனையும் கணக்கில் சேர்த்தால் அந்த 5க்கு முன்னால் கழித்தல் குறி வந்துவிடலாம்.