நெசவாளரும் இரத்தக் கொதிப்பும்

காஞ்சிமா நகரின் பெருமையை எடுத்துரைப்போர் அதன் கோயில்களையும் பட்டையுமே முதற்கண் கூறுவர். கயிலாசநாதர் கோயிலைக் காண்போர் அதனைச் செதுக்கிய கைகளை நினைந்து வியப்பர். பட்டுச் சேலையை வாங்குவோரோ அதனை நெய்த கைகளை நினைப்பது அரிது. அக்கைகள் ஒருநாட் காலையில் திடீரென அசைவற்றுப் போதற்குக் காரணமாகும் நோயொன்றனைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம். மருத்துவர் அதனை மிகை இரத்த அழுத்தம் என்பர்; எம் ஊரார் இரத்தக் கொதிப்பு என்றும் பிரஷர் என்றும் வழங்குவர்.

யாம் பிறந்து வளர்ந்தது பிள்ளையார்பாளையத்தில். எம் இல்லத்தின் முன்கட்டில் குழித்தறிகள் இரண்டு இருந்தன. நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழியினுள் இறக்கி, காலால் மிதியை மிதித்துக் கையால் நாடாவைச் செலுத்துவர். கோர்வைச் சேலையாயின் உடலுக்கொரு நிறமும் கரைக்கொரு நிறமுமாக ஊடை ஓடவேண்டுதலின், பக்கத்தில் மற்றொருவர் துணையிருந்து கரை நாடாவைச் செலுத்துவர். ஒரு சேலை முடியப் பத்து நாள் முதல் இருபது நாள் வரை செல்லும். வேலைப்பாடு மிக்கதாயின் அதனினும் மிகும். சேலை முடிந்தாலன்றிக் கூலி கைக்கு வாராது. ஆதலின் நெசவாளர் இல்லத்தில் நோய் என்னுஞ் சொல்லுக்கு ஒரு பொருளே உண்டு. அது தறியில் உட்கார முடியாமை. உட்கார முடியுமாயின் நோயில்லை என்பது அவர்தம் துணிபு.

இரத்தக் கொதிப்போ உட்கார முடியாதபடி செய்யும் நோயன்று. பெரும்பாலார்க்கு அது வலி தருவதில்லை, காய்ச்சல் தருவதில்லை, பசியைக் கெடுப்பதுமில்லை. இதயம் சுருங்கி இரத்தத்தை உந்துங்கால் குழாய்களின் சுவரில் உண்டாகும் அழுத்தம் மேலெண். இதயம் விரிந்து ஓயுங்கால் எஞ்சியிருக்கும் அழுத்தம் கீழெண். 120க்கு 80 என்பதை ஒட்டியிருத்தல் நலம். வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேலெண் 140 அல்லது கீழெண் 90 ஆகவோ அதற்கு மேலாகவோ இருப்பின் நோயுண்டு என்று கொள்வர். கையிற் பட்டையைக் கட்டி அளக்குங் கருவியை இத்தாலிய மருத்துவர் ரீவா ரோச்சி 1896ஆம் ஆண்டில் வெளியிட்டார். குழாயின் ஒலியைக் கேட்டு இரண்டு எண்களையும் அறியும் முறையை உருசிய மருத்துவர் கொரொத்கோவ் 1905ஆம் ஆண்டில் உரைத்தார். கருவி வந்து நூறாண்டுக்கு மேலாகியும், அளந்தாலன்றி இந்நோயை அறிய வேறு வழியில்லை.

எம் பெரிய தந்தையார்க்கு இந்நோய் இருந்தது. கோயில் உற்சவ காலத்தில் நடந்த மருத்துவ முகாமொன்றில் அளந்து, மிகுதி என்று கூறி மாத்திரை கொடுத்தனர். சின்னாள் உண்டார். உடம்பில் முன்னும் துன்பமில்லை, பின்னும் துன்பமில்லை. ஆகவே, "நோவில்லாத உடம்புக்கு மருந்தெதற்கு?" என்று விட்டுவிட்டார். இரண்டு ஆண்டு கழிந்து, மார்கழித் திங்களில் ஒரு வைகறையில், முகூர்த்தச் சேலையொன்றின் முந்தி நெய்தற்கென எழுந்தவர், வலக்கையும் வலக்காலும் விழுந்து, நாவும் குழறிப்போயினார். மூளையின் இரத்தக் குழாய் உடைந்தது என்றனர் மருத்துவர். உயிர் தப்பியது, கை மீளவில்லை. பழைய பாவின் இழையொடு புதிய பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்கும் நுண்மை அவ்விரல்களுக்கு இருந்தது. அதனை நாற்பது ஆண்டு பயின்று பெற்றவர், ஒரு நாழிகையில் இழந்தார். முடியாத அச்சேலையை மற்றொருவர் வந்து முடித்துக் கொடுத்தார்.

"இது எங்கள் குலத்துக்கு உள்ளது, பாட்டனுக்கு வந்தது, மகனுக்கும் வந்தது" என்று தெருவிற் பலர் கூறக் கேட்டோம். அக்கூற்றில் ஒரு கூறு உண்மை. பெற்றோர்க்கு இருப்பின் பிள்ளைகட்கு வருதல் மிகுதி. ஆயினும் முழுதும் இரத்தத்தின்மேற் போட்டுவிட்டுக் கைகட்டி இருத்தல் தகாது. இஃது அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்கள் வரலாற்றால் நன்கு விளங்கும். அவர்களிடத்து இந்நோய் மிகுந்திருத்தல் கண்டு, அஃது அவ்வினத்தின் இரத்தத்திலேயே உள்ளது என்று பலர் நெடுங்காலம் கூறி வந்தனர். ரிச்சர்டு கூப்பர் என்பாரும் அவர்தம் துணைவரும், ஆப்பிரிக்க மரபினராய் மூவேறு நிலங்களில் வாழ்வாரை ஒரே முறையில் அளந்து 1997ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மேற்கு ஆப்பிரிக்காவில் நூற்றுக்கு 16 பேர்க்கும், கரீபியத் தீவுகளில் 26 பேர்க்கும், அமெரிக்காவில் 33 பேர்க்கும் அந்நோய் இருந்தது. மூதாதையர் ஒருவர், நோயின் அளவு மூன்று. வாழும் முறையும், உணவும், உடலின் பருமனும், வாழ்வின் நெருக்கடியும் நோயை மிகுவிக்கின்றன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எம் தெருவின் வாழ்வையும் அக்கண்கொண்டு நோக்குவோம். காலும் கையும் நாள் முழுதும் இயங்கினும் உடல் ஓரிடத்தே இருக்கின்றது. தறியை விட்டு எழ நேரமின்மையால் பழஞ்சோறும் ஊறுகாயும், அப்பளமும் வடகமும், மோர்மிளகாயும் கருவாடும் விரைவில் வயிற்றை நிரப்பும் துணைகளாகின்றன; அவை யாவற்றிலும் உப்பு மிகுதி. ஒருவர் ஒருநாளைக்கு உண்ணத்தகும் உப்பு 5 கிராமிற்குங் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அஃது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டதே. ஆடவரிற் சிலர் களைப்பு நீங்கக் குடிக்கின்றனர். அதுவும் அழுத்தத்தை ஏற்றும். புகையிலையோ குழாயின் சுவரையே கெடுப்பது. இவற்றுள் எதுவும் குலத்தால் வந்ததன்று. ஆதலின் எதுவும் மாற்றவியலாததும் அன்று.

எனினும், "உப்பைக் குறை, நடை பழகு, ஆஸ்பத்திரிக்குச் செல்" என்று உபதேசித்துவிட்டு ஒதுங்குவோர்க்கு எம் தெருவார் ஒரு விடை வைத்திருக்கின்றனர். "ஆஸ்பத்திரிக்குப் போனால் அரைநாள் போகும்; தறி நின்றால் அடுப்பும் நிற்கும்" என்பதே அது. அவ்விடையை எள்ளுதல் எளிது, மறுத்தல் அரிது. 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில், பெரியோர் மூவருள் ஏறக்குறைய ஒருவர்க்கு இந்நோய் இருந்தது. அவருள் நோய் அடங்கியிருந்தவர் பத்தில் ஒருவருங் கூட இல்லை. பத்தில் ஒன்பதின்மரும் சோம்பேறிகள் என்று கூற எமக்கு மனம் வரவில்லை. மருந்து ஓரிடத்தும் மக்கள் ஓரிடத்தும் இருந்தனர் என்பதே பொருந்தும்.

மருந்தை மக்கள் இருக்குமிடத்திற்குக் கொண்டுசெல்லின் யாது விளையும் என்பதை அமெரிக்கக் கறுப்பினத்தாரே காட்டினர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர்கள் நடத்தும் முடிதிருத்தகங்கள் 52இல், நோயுள்ள ஆடவர் 319 பேரைக் கொண்டு ஒரு சோதனை நிகழ்ந்தது. அதன் முடிவு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சில கடைகளில், முடிதிருத்துவோர் நல்லுரை கூறி மருத்துவரிடம் செல்லுமாறு ஏவினர். ஏனைய கடைகளில் மருந்தாளரே அக்கடைக்கு வந்து அளந்து, மருந்து குறித்துக் கொடுத்து, திங்கள்தோறும் கவனித்தனர். ஆறு திங்கள் கழித்து நோக்க, முன்னவரின் மேலெண் சராசரி 9 அளவும் பின்னவரின் மேலெண் 27 அளவும் இறங்கியிருந்தன. மருத்துவமனையை நம்பாதவரும் தமக்குப் பல்லாண்டு முடி திருத்தியவரின் சொல்லை நம்பினர். எம் தெருவிற்கு முடிதிருத்தகம் எதுவோ அதுவே தறிக்கூடம்.

நம் நாட்டிலும் இவ்வழி திறக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தமிழக அரசினர் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னுந் திட்டத்தைத் தொடங்கினர். அவ்வவ்வூர்ப் பெண்களே பயிற்சி பெற்று, வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தை அளந்து, நோயுள்ளார்க்கு மாத்திரைகளை வீட்டிலேயே கொடுத்தனர். 2024ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது.

எம் தெருவிற்கு வந்த அம்மையாருடன் யாமும் ஒரு கோடை விடுமுறையில் வீடு வீடாய்ச் சென்றோம். கணக்கெழுதுவதே எம் பணி. தறியினின்று எழுந்தவுடன் அளத்தல் ஆகாது. ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து, பேச்சொழிந்து, கை இதயத்தின் உயரத்தில் இருக்க அளக்கவேண்டும் என்பதை அன்று கற்றோம். எம் பெரிய அன்னையார்க்கும் அழுத்தம் மிகுந்திருந்தது. கணவர் படுக்கையிற் கிடத்தல் கண்டும், "எனக்குத் தலைசுற்றல்கூட இல்லையே" என்று அவரும் மாத்திரையை மறுத்தார். அவ்வம்மையாரோ நெசவாளர் குடியிற் பிறந்தவர். அவர் வாதாடவில்லை. "அக்கா, இழை இறுகியிருப்பதைக் கை வைத்துப் பார்த்துத் தளர்த்துவீர்களா, அறுந்த பின்பு பார்ப்பீர்களா?" என்று மாத்திரமே கேட்டார். பெரிய அன்னையார் நெடுநேரம் பாவை நோக்கியிருந்தார். பின்னர்த் தண்ணீர் கொணரச் சொன்னார். அன்று தொடங்கிய மாத்திரையை அவர் இன்றும் நிறுத்தவில்லை. ஊறுகாய்ச் சாடியும் பரணேறிவிட்டது. அவர் நெய்கின்றார், பெரிய தந்தையார் அருகமர்ந்து, குழறும் நாவினால் கோர்வைப் பிழைகளைச் சுட்டுகின்றார்.

மாத்திரையைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். அழுத்தம் இயல்பான அளவிற்கு வந்தபின், "நோய் தீர்ந்தது" என்று பலர் நிறுத்திவிடுகின்றனர். அளவு இறங்கியது மருந்தினால். மருந்தை விடின் மீண்டும் ஏறும். மாற்றுவதும் குறைப்பதும் மருத்துவர் சொற்படியே ஆகவேண்டும். 1945ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைவர் ரூஸ்வெல்ட் இந்நோயின் விளைவாக மூளையில் இரத்தம் கசிந்து இறந்தபோது, அவரைக் காக்கத் தக்க நல்ல மருந்து உலகில் இல்லை. நம் நாட்டுச் சர்ப்பகந்தியின் வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதைக் கணநாத சேனரும் கார்த்திக் சந்திர போசரும் 1931ஆம் ஆண்டில் எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949ஆம் ஆண்டில் மேனாட்டார் அறிய எழுதினார். அதன்பின் மருந்துகள் பல பெருகின. வல்லரசின் தலைவர்க்கு அன்று கிட்டாதது, அம்லோடிபின் போன்ற சிறு மாத்திரையாய்ப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டு வாயிலுக்கு வருமாயின், அதனை வேண்டா என்று தள்ளுதல் பெருந்தவறன்றோ?

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தனர். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றனோடு, அருகிருந்து உதவுவாரையும் ஒரு கூறாக வைத்தமை எண்ணத்தக்கது. முதல் மூன்றும் எம் தெருவில் முன்னரும் இருந்தன; நான்காவது இல்லாமையால் ஒரு கை வீழ்ந்தது. நான்காவது வந்தபின் மற்றொரு கை காக்கப்பட்டது.

மாணவ நண்பர்களே! அந்நான்காங் கூறாக விளங்க மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. விடுமுறையில் இல்லஞ் செல்லுங்கால் பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் அண்டை வீட்டாரையும் அளந்துகொள்ளச் செய்யுங்கள். எண்ணைக் குறித்து வையுங்கள். மிகுதியாயின் மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். மாத்திரை தீருமுன் வாங்கிக் கொடுங்கள். இஃது ஒருநாட் பணியன்று, ஆண்டுதோறும் செய்யவேண்டுவது. வரும் விடுமுறையிலும் யாம் பிள்ளையார்பாளையத்தில் கணக்கெழுத இருக்கின்றோம். எங்களோடு நடக்க விரும்புவோர் கலாசாலை மூடுமுன் எம்மிடம் பெயர் தருவாராக.