பச்சப் புள்ளைக்கு அப்பன் நெஞ்சுச் சூடு

இந்த வாரம் மிளகு, காப்பிக் கதையெல்லாம் இல்லைங்க. எங்க வீட்டுக்குப் புதுசா வந்த பேத்தியைப் பத்தித்தான்.

கொல்லிமலை கடல் மட்டத்துல இருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல இருக்கற ஊரு. மார்கழியில சாயங்காலமே மூடுபனி இறங்கிடும். அந்த மாசத்துலதான் என் மகளுக்கு முதல் பிரசவம், கீழே அரசு மருத்துவமனையில. குழந்தை எடை 2 கிலோ 100 கிராம். இரண்டரை கிலோவுக்குக் குறைஞ்சாலே எடை குறைவான குழந்தைதானாம். ஒரு வாரம் வச்சிருந்து பார்த்துட்டு, நல்லா பால் குடிக்குதுன்னு அனுப்பிட்டாங்க. 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீடு வந்தோம். இந்தக் குளிர்ல இதை எப்படிக் காப்பாத்தறதுங்கற கவலை எங்க கூடவே மலை ஏறி வந்துச்சு.

பிறந்த குழந்தைக்கு நம்மள மாதிரி நடுங்கத் தெரியாது. உடம்புல இருக்கற கொஞ்சநஞ்சக் கொழுப்பைக் கரைச்சுத்தான் சூடு உண்டாக்கிக்கணும். குடிச்ச பால் எல்லாம் குளிருக்கே செலவாயிட்டா எடை எப்படி ஏறும்? குளிர்ந்த குழந்தை சோர்ந்து போயிடும். சோர்ந்தா பால் உறிஞ்சாது. உறிஞ்சலைன்னா இன்னும் குளிரும்.

இதுக்கு ஒரு வழியை மருத்துவமனையிலேயே செவிலியர் அம்மா மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. கங்காரு பராமரிப்புன்னு பேரு. குழந்தைக்குக் குல்லாவும் இடுப்புத் துணியும் மட்டும் போட்டு, வெறும் நெஞ்சுல நிமிர்த்தி வச்சு, முகத்தை ஒரு பக்கமாத் திருப்பி, மூக்கு அடைபடாம துணியால கட்டிக்கணும். மேல போர்வை. ஒரு தடவை வச்சா ஒரு மணி நேரமாவது வைக்கணும்.

இது 1978ல கொலம்பியா நாட்டுல, பொகோட்டாவுல எட்கர் ரே-ங்கற டாக்டர் ஆரம்பிச்சது. அந்த ஊரும் மலை ஊருதான், நம்ம மலையைப் போல ரெண்டு மடங்கு உயரம். குறைமாசக் குழந்தைகளை வைக்க இன்குபேட்டர் பத்தலை. அம்மா நெஞ்சுலயே வச்சுப் பார்த்திருக்காங்க. 2021ல இந்தியா உட்பட அஞ்சு நாட்டு மருத்துவமனைகள்ல நடந்த ஆராய்ச்சி வெளிவந்துச்சு. 1 கிலோ 800 கிராமுக்குக் கீழே இருந்த குழந்தைகளைப் பிறந்த உடனே இப்படி வச்சதுல, முதல் மாசச் சாவு நாலுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு.

எல்லாம் சரி. அம்மாக்காரி எந்நேரமும் நெஞ்சுலயே வச்சிருக்க முடியுமா? பால் கொடுக்கறது ஒரு நாளைக்கு எட்டுல இருந்து பன்னெண்டு தடவை. அவ குளிக்கணும், சாப்பிடணும், கண்ணு மூடணும். அப்பாவும் செய்யலாம்னு செவிலியர் அம்மா சொன்னாங்க. எங்க ஊர்ல தீட்டுக் கழியற வரைக்கும் ஆம்பளைங்க குழந்தை பக்கம் போறதே குறைச்சல். மாப்பிள்ளை பிக்கப் வண்டியில அன்னாசி லோடு இறக்கறவர். குழந்தையைத் தொடவே பயந்தாரு.

அவர் சட்டையைக் கழட்டிட்டுச் சாய்ஞ்சு உட்கார்ந்ததும் எங்கம்மா கேட்டுச்சு: "ஏன் மாப்ள, ஆம்பள நெஞ்சுல பாலா இருக்குது?"

"பால் இல்லீங்க அப்பத்தா. சூடு இருக்குதுங்க."

கிழவி அப்புறம் ஒண்ணும் சொல்லலை.

வீட்டுக்கு வந்த மூணாம் ராத்திரி, ரெண்டு மணி இருக்கும். மகள் கூப்பிட்டா. குழந்தை கால் சில்லுனு இருக்குது. செவிலியர் அம்மா சொன்ன கணக்கு இதுதான்: புறங்கையால வயித்தையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்கணும். ரெண்டும் வெதுவெதுப்பா இருந்தா நல்லது. வயிறு சூடா, பாதம் மட்டும் சில்லுனு இருந்தா குளிருதுன்னு அர்த்தம், உடனே நெஞ்சுல வைக்கணும். ரெண்டுமே சில்லுனு இருந்தா ஆபத்து; நெஞ்சுல வச்சபடியே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். எங்களுக்கு வயிறு சூடாத்தான் இருந்துச்சு. மாப்பிள்ளை வாங்கி நெஞ்சுல வச்சுக்கிட்டாரு. நான் 108ஐக் கூப்பிடத் தயாரா போனைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். அந்த ஒரு மணி நேரம் வீட்டுல யாரும் பேசலை. அப்புறம் பாதம் சூடாச்சு, குழந்தை வீல்னு கத்துச்சு, தாய்கிட்ட போய்ப் பால் குடிச்சுது. அழுகையைக் கேட்டு நாங்க சந்தோஷப்பட்டது அன்னைக்குத்தான்.

எங்கம்மா சொன்னதுல தலையை மூடி வை, காத்து படாம வைங்கறது எல்லாம் நூத்துக்கு நூறு சரி. சேனையும் சர்க்கரைத் தண்ணியும் மட்டும் வேண்டாம்னுட்டோம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். அந்தச் சின்ன நுரையீரல் தாங்காது. பால் பத்துதான்னு தெரிய ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போகுதான்னு பார்த்தா போதும். பால் குடிக்க மறுத்தா, மூச்சு நிமிஷத்துக்கு 60க்கு மேல போனா, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் மஞ்சளானா, வெட்டு வந்தா, வீட்டு வைத்தியம் பார்க்காம கிளம்பிடணும்.

ஒன்றரை மாசத்துல எடை 2 கிலோ 900 ஆயிருக்கு. மாப்பிள்ளை இப்ப லோடு இறக்கிட்டு வந்தா முதல்ல குளிச்சுட்டு, குழந்தையைக் கேட்கறாரு.

டவுன்ல இருக்கற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. குழந்தை பிறந்தா தொட்டில் வாங்கறது, துணி வாங்கறது மட்டும் அப்பன் வேலை இல்லை. பீடி, சிகரெட் வேண்டாம். கை கால் கழுவிட்டு, சட்டையைக் கழட்டிட்டுச் சாய்ஞ்சு உட்காருங்க. தூக்கம் வந்தா மட்டும் குழந்தையை வேற ஆள்கிட்ட கொடுத்துடுங்க. அந்த ஒரு மணி நேரத்துல உங்க வீட்டம்மா கொஞ்சம் தூங்கட்டும்.