அடக்க ஏட்டில் இல்லாத பெயர்

முப்பது ஆண்டுகளாகப் பங்குகளில் பணியாற்றிவரும் எமக்கு ஏடுகள் புதியவை அல்ல. திருமுழுக்கு ஏடு, திருமண ஏடு, அடக்க ஏடு ஆகிய மூன்றும் ஒரு மனிதரின் வாழ்வை மூன்று வரிகளில் சொல்லி முடித்துவிடுகின்றன. ஆனால் முத்துக்குளித்துறை ஊர்களில் மூன்றாவது வரி எழுதப்படாமலே போனவர்கள் உண்டு. கடல் கொண்டவரின் உடல் கரை சேராவிடில் அடக்கம் இல்லை; அடக்க ஏட்டில் பெயரும் இல்லை. அத்தகையோருள் ஒருவர் எம் பாட்டனாரின் இளவல்.

பம்பாய் சென்று கப்பலில் வேலை பார்த்தவர் அவர். 1942-இல் பனிமய அன்னை திருவிழாவுக்கு ஊருக்கு வந்து, பிறந்த மகளைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நவம்பர் மூன்றாம் வாரத்தில் பம்பாயிலிருந்து ஒரு மணியார்டர் வந்தது. அதன் துண்டுச்சீட்டில் 'மொம்பாசா போகிறேன்' என்று எழுதியிருந்தார். அதன்பின் பணமும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. போரில் மாண்டார் என்றனர் சிலர். ஆப்பிரிக்காவில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்றனர் பலர். அவர் மனைவியோ 1981-இல் கண்மூடும்வரை தாலியைக் கழற்றவில்லை. நவம்பர் 2-ஆம் நாள் இறந்தோர் பட்டியலில் கணவரின் பெயரைச் சேர்க்கவும் அவர் இசையவில்லை.

அன்று கைக்குழந்தையாக இருந்த மகள், எம் அத்தை, இன்று எண்பதைக் கடந்துவிட்டார். அவர் எம்மிடம் கேட்டது ஒன்றுதான்: "அப்பா கடல்ல செத்தாங்களா, இல்ல எங்களை விட்டுட்டுப் போயிட்டாங்களா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க சாமி."

குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றபோது 1707-ஆம் சட்டத்தை மனப்பாடம் செய்திருந்தோம். கணவன் அல்லது மனைவி நெடுங்காலம் காணாமற்போனதை மட்டுமே வைத்து இறந்ததாக அறிவிக்க இயலாது. சாட்சியங்களாலோ அறிகுறிகளாலோ மனத்துக்கு உறுதி பிறக்கவேண்டும் என்கிறது அது. எம் சின்னப் பாட்டி சட்டம் படித்தவர் அல்லர். ஆனால் அவர் கடைப்பிடித்தது அந்த நெறியையே. ஆகவே நாமும் அதே அளவுகோலைக் கொண்டே தேடத் துணிந்தோம்.

தேடலில் பெயரே முதல் தடையாயிற்று. எம் ஊர்த் திருமுழுக்கு ஏட்டில் அவர் பெயர் இலத்தீனில் உள்ளது. கப்பல் எழுத்தரோ காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். போர்த்துக்கீசியர் வழிவந்த குடும்பப் பெயரை மூன்று நான்கு விதமாக எழுதலாம். ஒரே பெயருடையோரும் பலர். எனவே தந்தையின் பெயரையும் ஊரின் பெயரையும் துணையாகக் கொண்டோம். பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பதிவுகளை இன்று கணினியிலேயே தேடலாம். கடலையன்றி வேறு கல்லறை இல்லாத இந்தியக் கப்பற்பணியாளருக்கென அவ்வாணையம் மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவுச் சின்னங்கள் வைத்துள்ளது. இரண்டாம் உலகப் போரில் மாண்ட இந்தியக் கடற்படையினர் 400-க்கும் மேற்பட்டோர், வணிகக் கப்பலோர் ஏறத்தாழ 6,000 பேர் அவற்றில் நினைவுகூரப்படுகின்றனர். இரண்டு மாதத் தேடலுக்குப் பின் அப்பட்டியலில் அவரைக் கண்டோம். தந்தையின் பெயர் பொருந்தியது, ஊர் பொருந்தியது. கப்பல்: திலாவா. நாள்: 1942 நவம்பர் 23.

திலாவா, பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் பயணிகள் கப்பல். நவம்பர் 20 அன்று பம்பாயிலிருந்து மொம்பாசாவுக்குப் புறப்பட்டது. பயணிகளும் பணியாளருமாக 958 பேர் அதில் இருந்தனர். மூன்றாம் நாள் நள்ளிரவு கடந்தபின் ஐ-29 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கியின் குண்டு தாக்கியது. சிறிது நேரத்தில் இரண்டாம் குண்டும் பாய, கப்பல் மூழ்கியது. 280 பேர் மாண்டனர். படகுகளிலும் மிதவைகளிலும் தத்தளித்தோரை இரண்டு நாளுக்குப்பின் பர்மிங்காம் என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் மீட்டுப் பம்பாயில் சேர்த்தது. துண்டுச்சீட்டின் வாரமும் பயணத்தின் திசையும் பதிவோடு இணைந்தபோது எமக்கு உறுதி பிறந்தது.

தேடல் அத்துடன் முடியவில்லை. அக்கப்பலில் தென்னாப்பிரிக்க அரசு வாங்கியிருந்த வெள்ளிப் பாளங்களும் இருந்தன. 2017-இல் ஒரு நிறுவனம் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்திலிருந்து அவற்றை மேலே கொணர்ந்தது. அது தொடர்ந்த வழக்கில் 2024-இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தென்னாப்பிரிக்காவின் பக்கம் தீர்ப்பளித்தது. பாளங்கள் 2,364 என்று ஒன்றுவிடாமல் எண்ணிக் கணக்குக் காட்டியுள்ளனர். வெள்ளிக்கு வழக்குரைக்க அரசுகள் இருந்தன. அதே ஆழத்தில் கிடப்போருக்கு அவர்தம் பிள்ளைகளே வழக்குரைஞர்.

மற்றொரு செய்தி எம்மைத் திகைக்க வைத்தது. அதே ஐ-29 நீர்மூழ்கிதான், 1943 ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கர் அருகே ஜெர்மானிய நீர்மூழ்கியிலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போசை ஏற்றிக்கொண்டு கிழக்கே சென்றது. நேதாஜியின் படத்தை வீட்டில் மாட்டி வணங்கிய தலைமுறை எம் தந்தையாருடையது. எம் குடும்பத்தில் ஒரு பெண்ணை நாற்பது ஆண்டுகள் காத்திருக்கவைத்த அதே கலம், எம் நாட்டின் விடுதலை நம்பிக்கையையும் சுமந்தது. இவ்விரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க எமக்கு மனம் வரவில்லை. அத்தையிடம் இரண்டையும் சொன்னோம்.

அவர் வெள்ளியைப் பற்றியும் கேட்கவில்லை. நேதாஜியைப் பற்றியும் கேட்கவில்லை. "மூணாம் நாளேவா?" என்றார். "பணம் நம்ம வீடு வந்து சேர்ந்தப்ப அப்பா இல்ல போல." நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அம்மாகிட்ட ஊர்க்காரங்க சொன்னது பொய்னு ஆச்சுல்ல, சாமி. அது போதும்" என்றார்.

அடக்க ஏட்டில் பெயரைச் சேர்க்கும்படி உறவினர் சிலர் கேட்டனர். நாம் இசையவில்லை. அது அடக்கம் நடந்ததற்குச் சான்று. நடவாததை எழுதினால் மற்ற வரிகளும் நம்பிக்கை இழக்கும். மாறாக, பதிவின் படியையும் மணியார்டர்த் துண்டுச்சீட்டின் படியையும் பங்கின் கோப்பில் சேர்த்தோம். கடந்த நவம்பர் 2 அன்று, இறந்தோர் பட்டியலில் கணவன் மனைவி இருவரின் பெயரையும் முதன்முறையாகச் சேர்த்து வாசித்தோம். அத்தை முதல் வரிசையில் நின்றிருந்தார்.